நீல டைல்ஸில் நாலாவது ஈடு

போன் அடித்தபோது நான் தரையில் குந்தி உட்கார்ந்து, மீன் தொட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தேன். விடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஜன்னல் வெளிச்சம் தொட்டியின் பாதி வரைக்கும்தான் எட்டியது. அந்தப் பாதியில்தான் நீல டைல்ஸ் துண்டைச் சாய்த்து வைத்திருந்தேன். முந்தின நாள் வரை அதன்மேல் கடுகு கடுகாக ஒட்டியிருந்த முட்டைகளுக்கு இப்போது வால் இருந்தது. வால்கள் துடித்துக்கொண்டிருந்தன.

தாய் மீன் ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு போய், மணலில் பறித்து வைத்திருந்த குழிக்குள் துப்பியது. தகப்பன் குழிக்கு மேல் நின்று என்னை முறைத்தது.

போனில் சூப்பர்வைசர் பாபு. கிழக்குக் கடற்கரைச் சாலை பங்களாக்களில் நாங்கள் நீச்சல் குளம் சுத்தம் செய்கிறவர்கள். எங்களை இந்த வாசல், அந்த வாசல் என்று இறக்கிவிடுகிற வேலை பாபுவுடையது.

“அண்ணாத்த, துணியக் கட்டிக்கினு நில்லு. பாண்டி ரோட்ல புது ரிசார்ட்டு. மூணு வாரம் அங்கியே தங்கல். பத்து மணிக்கு வண்டி வரும்.”

நான் குழிக்குள் துடிக்கிற வால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா, லைன்ல கீறியா?”

“கீறேன்.”

“அப்ப ரெடியா இரு.” வைத்துவிட்டான்.

கோழிக்குச் சொல்கிற மாதிரி, ஒரு தடவை இட்ட முட்டைகளை ஈடு என்றே மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். மூன்று ஈடு அந்தத் தொட்டியில் வெளுத்துச் செத்திருந்தது. இது நாலாவது. உயிர் வந்தது இதற்குத்தான். நான் போய்விட்டால் அந்த அறையில் வேறு ஆள் கிடையாது.

மாலை போட்டுக்கொள்ளாதவன்

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என் கால்களைப் பற்றித் தெரியும். எட்டாம் வகுப்புப் பாதியில் செங்கல்பட்டை விட்டுக் கிளம்பியவை. லாரியில் கிளீனராக, திருப்பூரில் பனியன் மூட்டை தூக்குகிறவனாக, சூரத்தில் சாயப்பட்டறையில், ஐதராபாத்தில் ஓட்டல் சமையலறையில் என்று சுற்றியவை. ஓர் ஊரில் ஒரு வருடம் முழுசாக இருந்ததில்லை. யாரும் துரத்தவில்லை. ஒரு காலையில் எழுந்ததும் அந்த ஊர்ச் சுவர் பிடிக்காமல் போகும், அவ்வளவுதான்.

இப்போது இருப்பது திருவிடந்தையில். மூடிக்கிடக்கும் டயர் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. கல்யாணம் ஆகாதவர்கள் கழுத்தில் மாலையோடு வந்து சுற்றுகிற பெருமாள் கோவில் இந்த ஊரில்தான் இருக்கிறது. காலையில் பஸ் நிறுத்தத்தில் நின்றால் மாலையும் கழுத்துமாக இறங்கிக்கொண்டே இருப்பார்கள். என்னிடம் வழி கேட்பார்கள். கையைக் காட்டுவேன். நான் கல்யாணம் ஆனவன். தனியாக இருப்பவன். அதற்கு எந்த ஊரில் போய்ச் சுற்றுவது என்று யாரையும் கேட்டதில்லை.

சோற்றுக்கு ஆகாத கெண்டை

அந்த மீன்கள் கடப்பாக்கத்தில் கிடைத்தவை. அங்கே ஒரு பங்களாவுக்குக் குளம் கழுவப் போயிருந்தேன். வேலை முடிந்து, இடிந்த கோட்டைப் பக்கம் கழிவெளியோரமாக நடந்தேன். கடல் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து நிற்கிற இடம் அது. ஒருவர் வலையை உதறிக்கொண்டிருந்தார். இறாலைக் கூடையில் போட்டார், மற்றதை மணலில் எறிந்தார்.

எறிந்ததில் இரண்டு துள்ளின. உள்ளங்கை அகலம்கூட இல்லை. மஞ்சள் உடம்பு, வரிசை வரிசையாகச் சிவப்புப் புள்ளி, விலாவில் ஒரு கறுப்புப் பொட்டு. ஒன்று துள்ளி நகர்ந்தால் மற்றதும் அதன் பக்கமாகவே துள்ளியது. தற்செயலாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

டீக்கடையில் ஒரு பார்சல் கவர் வாங்கி, கழிவெளித் தண்ணீரோடு அவற்றை உள்ளே விட்டேன். பஸ்ஸில் இடமில்லை. கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தேன்.

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். “இன்னாபா அது, கொழம்புக்கா?”

“இல்ல சார். வளக்க.”

“அப்ப மூணு டிக்கெட்டு.” சிரிக்காமல் சொல்லிவிட்டு ஒன்றுதான் கிழித்தார்.

தொட்டி ஏற்கெனவே என்னிடம் இருந்தது. ஒரு பங்களாக்காரர் மூலையில் விரிசல் விட்டதென்று குப்பைப் பக்கம் வைத்திருந்தார். சிலிகான் அடைத்து, எதற்கென்று தெரியாமல் எடுத்து வந்து அரிசி வைத்திருந்தேன். அரிசி பைக்குப் போனது. மீன்கள் தொட்டிக்கு வந்தன.

திருப்போரூரில் மீன் தொட்டிக் கடை வைத்திருப்பவரிடம் போனில் படம் காட்டினேன். “இது சிக்லிட் ஜாதி. ஆரஞ்சு க்ரோமைட்டுனு சொல்லுவாங்க. வெளிநாட்டுல காசு குடுத்து வாங்குறான், நம்ம ஊர்ல மணல்ல எறியறான்” என்றார். சிக்லிட் என்றால் ஜோடி சேர்ந்து, இடம் பிடித்து, குஞ்சைக் காவல் காக்கிற ஜாதியாம். மற்ற மீன்களைப் போல முட்டையை விட்டுவிட்டுப் போகாதாம்.

அந்தக் கடைசி வார்த்தை பஸ் ஏறிய பிறகும் காதில் இருந்தது.

சுத்தமான தண்ணீர்

குளத்து வேலைக்காரனுக்குத் தண்ணீர் என்றால் தெளிவு. அடியில் ஒரு காசு கிடந்தால் தலையா பூவா என்று மேலிருந்து தெரிய வேண்டும். அந்தக் கண்ணோடுதான் நான் தொட்டியையும் பார்த்தேன்.

எங்கள் பக்கத்து வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று கேன் தண்ணீர், குடிக்க. இன்னொன்று போர் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும். என் வீட்டுக்காரர் போர் போட்டபோது மேலாகவே நல்ல தண்ணீர் வந்ததாம். இன்னும் இறக்கினால் இன்னும் வரும் என்று சொல்லி இறக்க வைத்தார். உப்பில் போய் நின்றது. சோப்பு நுரைக்காது. வாளியின் உள்பக்கம் வெள்ளையாகப் படை பிடித்திருக்கும். அதில் குளித்தால் தலைமுடி தேங்காய் நார் மாதிரி நிற்கும். நான் அந்தத் தண்ணீரைத் திட்டாத நாள் இல்லை.

ஆகவே மீன்களுக்குக் கேன் தண்ணீர் ஊற்றினேன். நான் குடிக்கிற தண்ணீர். எவ்வளவு பெரிய மரியாதை செய்கிறேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. கேனைத் தோளில் வைத்துக் கொண்டுவந்து, சாய்த்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவேன்.

இரண்டு மாதத்தில் இரண்டுக்கும் வயிற்றுப் பக்கம் கறுத்தது. குளத்து வேலையில் மிஞ்சிய நீல டைல்ஸ் துண்டு ஒன்றை உள்ளே வைத்திருந்தேன். அதை இரண்டும் வாயால் கொத்திக் கொத்தித் துடைத்தன. ஒரு மத்தியானம் வந்து பார்த்தால் டைல்ஸ் முழுக்க முட்டை. மாற்றி மாற்றி நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தன.

அன்றைக்கு அதைச் சொல்ல ஆள் தேடினேன். டயர் கடை ஷட்டரைத்தான் பார்த்தேன்.

இரண்டாம் நாள் ஓரத்தில் ஒன்று வெளுத்தது. மூன்றாம் நாள் பஞ்சு மாதிரி பூஞ்சை. அதற்குப் பிறகும் மீன்கள் விசிறுவதை நிறுத்தவில்லை. செத்த முட்டைக்கு விசிறுவதைப் பார்க்கச் சகிக்காமல் டைல்ஸை எடுத்துத் தேய்த்துக் கழுவி வைத்தேன். இன்னும் சுத்தம் போதவில்லை என்று நினைத்து, அடுத்த தடவை தண்ணீரை முழுசாக மாற்றினேன். கேன் தண்ணீர்தான். இரண்டாம் ஈடும் போயிற்று.

கடைக்காரர் பூஞ்சைக்கு நீல மருந்து கொடுத்தார். “ரெண்டுமே பொம்பளையா இருந்தாலும் இருக்கும்பா” என்றும் சொன்னார். மூன்றாம் ஈடு மருந்தில் நீலமாகி, பிறகு வெளுத்தது. அதற்குப் பிறகு தகப்பன் தாயைத் துரத்த ஆரம்பித்தது. தாயின் வால் ஓரம் கிழிந்து, ஏர் பம்ப்புக்குப் பின்னால் ஒதுங்கியே நின்றது. இன்னொரு ஈடு தாங்குமா என்று தெரியவில்லை.

தனம் சிரித்தது

தனம் பக்கத்துக் குப்பத்துக்காரி. ரோட்டோரம் மீன் விற்பவள். முப்பத்தைந்து வயது இருக்கும். தராசைவிட வாய்க்கு எடை அதிகம். ஒரு நாள் கூடை கழுவப் போர் தண்ணீர் கேட்டு வந்தவள், நான் கேனைச் சாய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“இன்னா அண்ணாத்த பண்ற?”

“தண்ணி மாத்துறேன்.”

“கேன் தண்ணியா? என் புள்ளைங்களே கேன் தண்ணிய அளந்து குடிக்குது. மீனுக்கு மினரல் வாட்டரா?” உள்ளே வந்து குனிந்து பார்த்தாள். “அட, இந்தச் சோத்துக்கு ஆவாத கெண்டைக்கா?”

முட்டை வெளுத்த கதையைச் சொன்னேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே கூடையைக் கீழே வைத்தாள்.

“உப்புல பொறந்தத இட்டாந்து நல்ல தண்ணியில உட்டா முட்டை நிக்குமா? அது கழிவெளிக் கெண்டை. அதுக்கு உப்பு ஓணும். ஒன்னக் கொண்டும்போயி சக்கரைப் பாகுல உட்டா எப்டி இருக்கும்?”

“தெளிவா இருந்தா நல்லதுன்னு…”

“தெளிவு ஒனக்கு. அதுக்கு இன்னாத்துக்கு?” வாளியில் கிடந்த போர் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். “இந்தா, இதான். நடு மழைக்காலத்துல கழிவெளி இப்டித்தான் கீது.”

மாதக்கணக்கில் நான் திட்டிக்கொண்டிருந்த தண்ணீர். வாசலுக்கு வெளியே பத்தடி தூரத்தில் இருந்தது.

தினம் தொட்டியிலிருந்து ஒரு வாளி கேன் தண்ணீரை எடுத்தேன், ஒரு வாளி போர் தண்ணீரை ஊற்றினேன். இரண்டு வாரத்தில் கண்ணாடியில் வெள்ளைப் படை பிடித்தது. தண்ணீர் லேசாகப் பழுப்பானது. மீன்களின் மஞ்சள், கழிவெளி மணலில் பார்த்த மஞ்சளாகத் திரும்பியது. துரத்தல் நின்றது. ஒரு காலையில் இரண்டும் சேர்ந்து டைல்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தன.

பதினோரு நாள்

என் மனைவி எஸ்தர் செங்கல்பட்டில் இருக்கிறாள். ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் நடந்ததில்லை. நான் போவதும் வருவதுமாக இருந்தேன். ஒரு தடவை வந்தபோது கதவில் வேறு பூட்டுத் தொங்கியது. நான் சாவி கேட்கவில்லை.

போனில் பேசுவோம், எப்போதாவது. எடுத்ததும் அவள் கேட்பது ஒன்றுதான்: “இப்ப எங்க கீற?” ஒவ்வொரு தடவையும் நான் வேறு ஊரைச் சொல்லியிருக்கிறேன்.

எங்களுக்கு ஒரு பெண் பிறந்தது. அப்போது நான் லாரியில் நாக்பூர்ப் பக்கம் இருந்தேன். குழந்தைக்கு மூச்சு சரியில்லை, வா என்று தகவல் வந்தது. குழந்தை பதினோரு நாள் இருந்தது. நான் வந்து சேர்ந்தபோது மண் காய்ந்திருந்தது. யாரோ அதன்மேல் செவ்வந்தி வைத்திருந்தார்கள்.

முதலாளி லீவு கொடுக்கவில்லை என்று எஸ்தரிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

நான் லீவு கேட்கவேயில்லை. இதை இதுவரை எங்கும் சொன்னதில்லை. வந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. மூச்சு விட முடியாத குழந்தையின் பக்கத்தில் நின்று ஓர் ஆள் என்ன செய்வான்? லாரியில் இருந்தால் கண்ணாடி துடைக்கலாம், கயிறு இறுக்கலாம். அதனால் இருந்துவிட்டேன்.

பத்து மணி வண்டி

துணிப்பையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். இரண்டு சட்டை, ஒரு லுங்கி, பல் தேய்க்கும் பிரஷ். கட்டி முடிக்க எனக்கு எப்போதுமே ஐந்து நிமிடம் போதும்.

குழிக்குள் வால்கள் துடித்துக்கொண்டிருந்தன. தாய் இன்னும் சுமந்துகொண்டிருந்தது. ஒரு குஞ்சு வழியில் வாயிலிருந்து நழுவியது. அது தரையைத் தொடுவதற்குள் தகப்பன் வந்து பிடித்துக் குழியில் விட்டது.

வண்டி வந்து ஹாரன் அடித்தது. வெறுங்கையோடு வெளியே போனேன். பாபு முன் சீட்டில் இருந்தான்.

“பை எங்க?”

“நான் வரல பாபு.”

“வரலைனா? ஒடம்பு சரியில்லியா?”

உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ ஊர்களில் சொல்லியிருக்கிறேன்.

“வூட்ல மீன் குஞ்சு பொரிச்சிருக்குது. பாத்துக்க ஆள் இல்ல. மூணு வாரம் லீவு குடு.”

வண்டிக்குள்ளிருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். பாபு சிரிக்கவில்லை. “யோவ், பொண்டாட்டிக்குப் பிரசவம்னா கேப்பாங்க. மீனுக்குப் பிரசவம்னு லீவு கேக்குற மொத ஆளு நீதான்.”

“கேக்குறேன்.”

“குடுக்கலைனா?”

“அப்பவும் வரல.”

பாபு டிரைவருக்குக் கையைக் காட்டினான். “நல்ல ஆளா இருந்த அண்ணாத்த” என்றான், செத்தவனைப் பற்றிச் சொல்கிற மாதிரி. வண்டி கிளம்பியது. அந்த வேலை அன்றோடு முடிந்தது. அடுத்த வாரம் கோவளத்தில் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவச் சேர்ந்தேன். விடிகாலையில் போனால் பதினோரு மணிக்குத் திரும்பிவிடலாம்.

மக்கும் தண்ணீரும்

குஞ்சுகள் நீந்த ஆரம்பித்த அன்று பயந்துபோனேன். எல்லாம் சேர்ந்து தகப்பனின் விலாவைக் கொத்தின. பிறகு தாயின் விலாவை. இரண்டும் அசையாமல் நின்று கொடுத்தன. குஞ்சுகள் தின்னுகின்றன, இரண்டும் சாகப் போகின்றன என்று கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

“அது தாய்ப்பால் மாதிரிபா. மேல் தோல்ல ஒரு கொழகொழப்பு ஊறும். அத்தத்தான் திங்குதுங்க. நீ சும்மா இரு” என்றார்.

சும்மா இருந்தேன். வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டி, மூன்று வேளையும் கொஞ்சமாகப் பிழிந்துவிட்டேன்.

அதற்கு நாலாம் நாள் மத்தியானம் கரண்ட் போனது. ரோட்டில் கம்பம் மாற்றுகிறார்களாம், சாயங்காலம் ஆகும் என்றார்கள். ஏர் பம்ப் நின்றது. அறைக்குள் வெக்கை. ஒரு மணி நேரத்தில் குஞ்சுகள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

மூச்சு. அதுதான் பிரச்சனை.

குளிக்கிற மக்கை எடுத்தேன். குஞ்சு வராமல் ஓரத்தில் தண்ணீரை மொண்டு, ஒரு முழம் உயரத்திலிருந்து திரும்ப உள்ளேயே ஊற்றினேன். குமிழி எழுந்தது. மறுபடி மொண்டேன். மறுபடி ஊற்றினேன். தோள்பட்டை எரிந்தபோது கையை மாற்றிக்கொண்டேன். எண்ணவில்லை. எண்ணினால் நிறுத்தத் தோன்றும்.

கூடை கழுவ வந்த தனம் வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே வந்து மக்கைப் பிடுங்கினாள்.

“போய்ச் சோறு துன்னுட்டு வா. மூஞ்சப் பாரு.”

“நெத்திலி கைய கழுவினியா?”

“கழுவிட்டேன்யா. ரொம்பத்தான். எம்புள்ளைங்களுக்குத் தலைக்கு ஊத்துறப்பகூட இவ்ளோ நேரம் நின்னதில்ல.” அரை மணி நேரம் ஊற்றினாள்.

அவள் போன பிறகும் ஊற்றினேன். வெயில் சாய்ந்து, எதிர்ச் சுவரில் மஞ்சள் ஏறி இறங்குகிற நேரத்தில் பம்ப் தானாகக் கிர்ரென்றது. கையைத் தொங்கவிட்டால் விரல்கள் மடிந்த மாதிரியே இருந்தன. குஞ்சுகள் கீழே இறங்கித் தாயின் விலாப் பக்கம் போய்விட்டன.

யாரும் இல்லாத அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நின்று ஓர் ஆள் என்ன செய்வான் என்பதற்கு, தண்ணீர் ஊற்றுவான் என்று ஒரு பதில் அன்றைக்குக் கிடைத்தது. கிடைத்த நேரம் ரொம்பப் பிந்திய நேரம்.

இரண்டு விசில்

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில் எஸ்தருக்குப் போன் செய்தேன். சர்ச்சுக்குப் போய் வந்து சமைக்கிற நேரம் என்று தெரியும். வெகு நேரம் அடித்த பிறகு எடுத்தாள்.

“இப்ப எங்க கீற?”

“திருவிடந்தை.”

“இன்னுமா?”

“இன்னும்தான்.”

பாத்திரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது. “ஒடம்பு நல்லாக்கீதா?”

“நல்லாக்கீது. மீன் வளக்குறேன். குஞ்சு பொரிச்சிருக்குது.”

“மீனா?”

“சின்ன மீனு. கழிவெளியில இருக்கும்ல, பொட்டு வெச்சது. நாப்பது, நாப்பத்தஞ்சு குஞ்சு தேறும். வந்து பாக்குறியா? திருப்போரூர்ல எறங்கி பஸ்ஸு மாறணும், அவ்ளோதான்.”

“எனக்கு இன்னாத்துக்கு அதெல்லாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. காய்கறிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். அவள் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

“பொரிச்சு எத்தினி நாளாவுது?”

“பதினேழு.”

பதினொன்றுக்கு மேல் ஆறு என்று நான் எண்ணி வைத்திருந்தேன். இன்னொரு விசில் வந்தது. அதுவும் அடங்கியது.

“அப்ப தாண்டிடுச்சு” என்றாள்.

“தாண்டிடுச்சு.”

“சரி. அடுப்புல கீது, வெச்சிடுறேன்.”

போன் காதில் சூடாக இருந்தது. தொட்டியில் தண்ணீர் இரண்டு விரல் இறங்கியிருந்தது. கட்டில்மேல் அந்தத் துணிப்பை கிடந்தது; இத்தனை நாளும் அதிலிருந்தே எடுத்து உடுத்தி, திரும்ப அதிலேயே கட்டி வைத்திருந்தேன். அதை அவிழ்த்துச் சட்டைகளை ஆணியில் மாட்டினேன். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு போருக்குப் போனேன்.